ஒரே முகவரியில ரெண்டு லெட்சுமி

போன ஞாயித்துக்கிழமை கண்டியில, கோட் எழுதுற நம்ம பிள்ளைகள் கூட்டத்துல, பின் வரிசைக் கதிரையில இருந்த ஒரு தம்பி எழும்பி என்கிட்ட கேட்டாரு. "அக்கா, ஓபன் சோர்ஸ் லைப்ரரிக்கு கோட் எழுதிக் குடுத்தா சீ.வி.யில போட்டுக்கலாம்தானே? அதுக்கு மேல அதுல என்ன இருக்கு?" எல்லாரும் சிரிச்சீங்க. நான் சிரிக்கல. "இருக்குப்பா, உக்காருங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். பஸ்ஸுல குண்டசாலைக்கு வந்து சேர்ற வரைக்கும் மனசு ஆறல. அந்தத் தம்பி மேல கோவம் இல்ல. இதே கேள்வியை நான் வேலை செஞ்ச இடத்துலயும் கேட்டுக்கேட்டு காது புளிச்சுப் போச்சு. அன்னைக்குச் சொல்லாம விட்டதை இப்ப எழுதுறேன். கோவத்தோடதான் எழுதுறேன். ஓய்வு எடுத்தாச்சு, இனி யாருக்கு நல்ல பிள்ளையா நடிக்கணும்?

நான் கடைசியா வேலை செஞ்ச கம்பெனி கண்டி டவுனுக்குள்ள, ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில இருந்திச்சு. பேர் வேண்டாம். நோயாளிகளை இலவசமாப் பார்க்கிற ஒரு தர்ம ஸ்தாபனம் எங்ககிட்ட ஒரு வேலை குடுத்தாங்க. கண்டியைச் சுத்தி அவங்களுக்கு ஆறு கிளினிக். ஒவ்வொண்ணுலயும் தனித்தனிப் பதிவு. ஒரே ஆள் இருமலுக்கு ஒரு கிளினிக்குப் போயிருப்பாரு, சீனி வருத்தத்துக்கு இன்னொண்ணுக்குப் போயிருப்பாரு. ரெண்டு இடத்துலயும் பேர் இருக்கும். அப்படி ரெட்டிச்சுக் கிடக்கிற பதிவுகளைக் கண்டுபிடிச்சு, ஆளுக்கு ஒரு பதிவா ஆக்கணும். இதுதான் வேலை.

இதுக்குன்னே பைத்தன்ல ஒரு லைப்ரரி, அதாவது யாரோ எழுதி வச்ச ரெடிமேட் கோட், இருக்கு. யாரும் எடுத்துப் பாவிக்கலாம், சல்லிக்காசு குடுக்கத் தேவையில்ல. பேர், பிறந்த தேதி, முகவரி மூணையும் ஒப்பிட்டுப் பார்த்து மார்க் போடும். மார்க் ஒரு எல்லையைத் தாண்டினா "ரெண்டும் ஒரே ஆள்"ன்னு தீர்ப்பு சொல்லிட்டு, தானே சேர்த்தும் வச்சிரும். முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனா அள்ளிக் குடுக்கும் மார்க்கு. அதை எழுதினவர் வெள்ளைக்காரர், அவர் ஊருல ஒரு கதவுக்கு ஒரு நம்பர், ஒரு நம்பருக்கு ஒரு குடும்பம். அவருக்கு அது நியாயமாத்தான் தெரிஞ்சிருக்கும்.

எங்க மேனேஜர் சேருக்கு வாயெல்லாம் பல்லு. ஆறு மாச வேலை ஆறு கிழமையில முடியப் போகுதே! ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு ஒரு சொல் இருக்கில்ல, அப்படித்தான் நாங்க அந்த லைப்ரரியை எடுத்து ஊத்தினோம்.

இப்ப என் தப்பைச் சொல்றேன். சேரைத் திட்டுறதுக்கு முன்னாடி என்னைய நானே திட்டிக்கணும். அந்த லைப்ரரியைச் சோதிச்சுப் பார்த்தது நான்தான். எங்க ஆபீஸ் ஆளுங்க பேர், டவுன்ல தெரிஞ்சவங்க பேரெல்லாம் போட்டுப் பார்த்தேன். அச்சாவா வேலை செஞ்சிச்சு. சரின்னு கையெழுத்து வச்சேன். ஆனா நான் யாரு? தேயிலைத் தோட்டத்து லயத்துல, அந்த வரிசைக் குடியிருப்புல பிறந்தவ. எங்க லயத்துல எந்த வீட்டுக்கும் நம்பர் கிடையாது. தோட்டத்துப் பேர், டிவிஷன் பேர், அவ்வளவுதான் முகவரி. முன்னூறு பேருக்கும் அதே முகவரி. லெட்டர் தோட்டத்து ஆபீசுக்கு வரும், கிளாக்கர் பேரைக் கூப்பிட்டுக் குடுப்பாரு. பதினெட்டு வயசு வரைக்கும் எனக்கு வந்த ஒவ்வொரு லெட்டரும் அப்படித்தான் வந்திச்சு. குண்டசாலையில சொந்தமா ஒரு வீடு எடுத்து, கேட்டுல நம்பர் தகட்டை அடிச்ச அன்னைக்கு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவ நான். அந்தத் தகட்டைப் பார்த்துப் பார்த்து, நம்பர் இல்லாத வீடுன்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டேன். வெள்ளைக்காரன் மறக்கலாம், நான் மறக்கலாமா?

புது முறை தொடங்கி ரெண்டாவது கிழமை, காலையில பத்து மணி இருக்கும், கம்பளைப் பக்கத்துக் கிளினிக்குல இருந்து நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தங்க போன் பண்ணினாங்க. நடந்தது இதுதான். லெட்சுமின்னு கொழுந்து எடுக்கிற அம்மா ஒருத்தங்க கால்ல புண்ணோட வந்திருக்காங்க. டொக்டர் பெனிசிலின் ஊசி எழுதிட்டாரு. மிஸ்ஸி ஊசியோட வந்தப்ப லெட்சுமி கையை இழுத்துக்கிட்டு, "எனக்கு அந்த மருந்து ஆகாது மிஸ்ஸி, முந்தி ஒருக்கா போட்டு மூச்சே நின்னு போச்சு"ன்னு சொல்லியிருக்காங்க. மிஸ்ஸி திரையைப் பார்த்தா, 'ஆகாத மருந்து: இல்லை'ன்னு இருக்கு.

"அம்மா, கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணும் இல்லையே."

"அப்ப அந்த ஊசியை கம்ப்யூட்டருக்கே போடுங்க!"

சொல்லிட்டு, பையைக் கொட்டி, பொலித்தீன்ல சுத்தி வச்சிருந்த பழைய கிளினிக் அட்டையை எடுத்து மேசையில அடிச்சிருக்காங்க. அதுல சிவப்பு மையில பெருசா எழுதியிருக்கு, பெனிசிலின் குடுக்க வேண்டாம்னு. மிஸ்ஸி ஊசியை வச்சிட்டு எனக்குப் போன் எடுத்தாங்க. அந்த அம்மா மட்டும் வாயில்லாப் பூச்சியா இருந்திருந்தா? "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு கையை நீட்டியிருந்தா?

பதிவைத் திறந்து பார்த்தேன். அதே தோட்டம், அதே டிவிஷன், ரெண்டு லெட்சுமி. ரெண்டு பேரோட அப்பா பேரும் பெருமாள். பிறந்த தேதி சரியாத் தெரியாதவங்களுக்கு வருஷத்தைப் போட்டு ஜனவரி ஒண்ணுன்னு எழுதிடறது பழைய வழக்கம், ரெண்டு பேருக்கும் அதே வருஷம், அதே ஜனவரி ஒண்ணு. அடையாள அட்டை நம்பர் போட வேண்டிய கட்டம் ரெண்டுலயும் காலி. லைப்ரரி நூத்துக்கு நூறு மார்க் போட்டு ரெண்டு பேரையும் ஒரு ஆளாக்கி, புதுசா இருந்த பதிவை வச்சுக்கிட்டு பழசை ஒதுக்கிட்டுது. இப்படி ஒண்ணு ரெண்டு இல்ல. தோட்டப் பக்கம் எத்தனையோ பேரை இன்னொருத்தரோட சேர்த்துக் கட்டியிருந்திச்சு.

நான் முதல்ல செஞ்சது, கதிரையை விட்டு எழும்பாம ஆறு கிளினிக்குக்கும் போன் பண்ணினது. "திரையை நம்பாதீங்க. பழைய அட்டையைக் கேளுங்க. ஒவ்வொரு ஆள்கிட்டயும் வாயால கேட்டுட்டு மருந்து குடுங்க." ஆறாவது போனை வச்சப்புறம்தான் சேர்கிட்ட போனேன். அவருக்கு முகம் கறுத்துப் போச்சு.

"சரஸ் மிஸ், என்னைக் கேக்காம ஏன் சொன்னீங்க? நம்ம கம்பெனி பேர் என்னாகும்?"

"உங்களைக் கேட்டிருந்தா நீங்க யோசிப்பீங்க சேர். யோசிக்கிற நேரத்துல யாராவது கையை நீட்டியிருப்பாங்க."

பிள்ளைகளா, இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. உங்க கோட் ஒரு ஆளுக்குக் கெடுதி செய்யுதுன்னு தெரிஞ்சா, முதல் போன் அந்த ஆளுக்கு. மேனேஜருக்கு ரெண்டாவது. அதுக்காக வேலை போனாப் போகட்டும்.

அன்னைக்கே பழைய பிரதியை எடுத்து எல்லாப் பதிவையும் பிரிச்சோம். என்னோட சேர்ந்து செஞ்சது பாஹிமா. கெலிஓயாப் பிள்ளை, எங்க சோதனைப் பிரிவுல இருந்தாங்க, என்னைய விட இருபது வயசு இளையவங்க. எங்க பக்கம் வேலையைச் சரி பண்ணி முடிச்சதும் சேர் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "நம்ம பக்கம் திருத்தியாச்சு, இதோட விஷயம் முடிஞ்சுது. வெளியில மூச்சு விட வேணாம்"னாரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை. நான்கூட சரின்னு தலையாட்டிட்டேன்னு வெக்கத்தோட சொல்றேன். களைச்சுப் போயிருந்தேன். படியில இறங்கும்போது பாஹிமா கேட்டாங்க.

"அக்கா, இந்த லைப்ரரிய நாங்க மட்டுமா பாவிக்கிற?"

"இல்ல, உலகம் பூரா."

"அப்ப மத்த ஊரு லெச்சுமிமாருக்கு யாரு போன் பண்ணுற?"

நான் படியிலயே நின்னுட்டேன்.

வீட்டுல இருந்து, என் சொந்தப் பேர்ல, என் சொந்த மெஷின்ல திருத்தம் எழுதினேன். ஒரு முகவரியை நிறையப் பேர் பகிர்ந்தா, அந்த முகவரிக்கு மார்க்கைக் குறைக்கணும், அவ்வளவுதான். எழுதி, "இதைச் சேர்த்துக்கோங்க"ன்னு லைப்ரரிக்கு விண்ணப்பம் அனுப்பினேன். அதைப் பார்த்துக்கிறவர் மூணு நாள்ல பதில் போட்டாரு. மரியாதையான பதில்தான். நன்றி, ஆனா இது ரொம்ப அரிதான கேஸ். லைப்ரரியில பிழை இல்ல, உங்க தகவல்தான் அழுக்கா இருக்கு. வீட்டு நம்பரோட முழு முகவரியை வாங்கி, சுத்தம் பண்ணிட்டு ஓட்டுங்க. அப்படின்னு சொல்லி விண்ணப்பத்தை மூடிட்டாரு.

வந்ததே எனக்குக் கோவம்! அழுக்காமே! யாரு அழுக்கு? இல்லாத நம்பரை எங்க போய் வாங்குறது, கடையிலயா? நூறு நூத்தம்பது வருஷமா மலையில இருக்கிற சனத்தை ஒருத்தர் ஒரு வரியில 'அரிது'ன்னு தள்ளிட்டாரு. எங்க லயத்துல நம்பர் இருக்கிற வீடுதாங்க அரிது!

மத்த நாள் ஆபீஸ்ல, சாப்பாட்டு நேரத்துல, பாஹிமாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு பதில் அடிச்சேன். பதிலா அது, பத்திரகாளி ஆட்டம். கடைசியில, "நம்பலைன்னா பாருங்க"ன்னு ரெண்டு லெட்சுமியோட நிஜப் பதிவையும் அப்படியே எடுத்து ஒட்டிட்டேன். அனுப்புற பட்டன்ல விரல் வச்சாச்சு. பாஹிமா என் கையை எட்டிப் பிடிச்சாங்க.

"அக்கா! அது லெச்சுமி அக்காட வருத்தமெல்லாம் இரிக்கிற பதிவு! உலகம் பூரா வாசிக்கும்!"

ஒரு தடவை அந்த அம்மாவைக் கொல்லப் பார்த்தோம், இப்ப அவங்க நோய்நொடியைச் சந்தையில கொட்டப் பார்த்தேன். அதுவும் அவங்களுக்காகச் சண்டை போடுறேன்னு சொல்லிக்கிட்டு! கோவம் நல்லதுதான், நான் கோவத்தை விடச் சொல்ற ஆள் இல்ல. ஆனா கோவத்துல எழுதினதை அனுப்புறதுக்கு முன்னாடி இன்னொரு ஆளைப் பக்கத்துல வச்சுக்கோங்க. எல்லாத்தையும் அழிச்சேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் தோட்டத்துக்குப் போனோம். மன்னிப்புக் கேக்கணும்னுதான் போனேன். பாஹிமா கெலிஓயாவுல அதே பஸ்ஸுல ஏறினாங்க, கம்பளையில இறங்கி ஆட்டோ. ரெண்டு லெட்சுமியும் வாசல்ல ஒண்ணாத்தான் உக்காந்திருந்தாங்க. ஊசியை மறுத்தவங்க மேட்டு லயம், மத்தவங்க பள்ளத்து லயம். தோட்டத்துல ஒரு குஞ்சுகுளுவான்கூட அவங்களை மாத்திக் கூப்பிடாது. பிளேன்டீ குடுத்தாங்க. நான் நடந்ததைச் சொல்லி, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். மேட்டு லயத்து லெட்சுமி பிளேன்டீயைக் கீழ வச்சாங்க.

"நீங்களும் லயத்துப் புள்ளைன்னு சொல்றீங்க."

"ஆமா."

"அப்புறம் எப்படி அக்கா மறந்தீங்க?"

கேட்டுல அடிச்ச நம்பர் தகட்டைப் பத்திச் சொன்னேன். அதைக் கேட்டுட்டு அவங்க சொன்னாங்க. "எங்க ரெண்டு பேர்ல ஒருத்திக்கு லெட்டர் வந்தா, கிளாக்கரு என்னா செய்வாருன்னு நினைக்கிறீங்க? 'எந்த லெட்சுமி'ன்னு கேப்பாரு. தெரியலைன்னா தெரியலைன்னு கேக்குறதுல அவருக்கு என்னா குறைஞ்சு போச்சு? உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் கேக்க வாய் வராதா?"

பள்ளத்து லயத்து லெட்சுமி சிரிச்சிட்டாங்க. "அது எங்க ரெண்டு பேரையும்ல ஒருத்தியாக்கிட்டுது. இவ வாயை எனக்குக் குடுத்திருந்தாலும் பரவாயில்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸுலயே நானும் பாஹிமாவும் அதைப் பேசிக்கிட்டு வந்தோம். ரெண்டு பேருக்கும் விளங்கிட்டுது. என் திருத்தமும் அரைகுறைதான். மார்க்கைக் கூட்டிக் குறைச்சு நானும் தீர்ப்புச் சொல்லத்தான் பார்த்திருக்கேன். சந்தேகம் வந்தா லைப்ரரி தீர்ப்புச் சொல்லக் கூடாது. சேர்க்காம நிறுத்தி, "இது யாருன்னு எனக்குத் தெரியாது, கேளுங்க"ன்னு மனுஷர்கிட்ட குடுக்கணும். இத்தனை வருஷம் கோட் எழுதின எனக்கு இதைச் சொல்லித் தந்தது ஒரு தோட்டத்துக் கிளாக்கர். அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்ல.

மறுபடி எழுதினேன். இந்தத் தடவை பாஹிமா கற்பனையா ஒரு லயத்தையே உருவாக்கித் தந்தாங்க. பன்னெண்டு பேர், ஒரே முகவரி, பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணு. பழைய கோட்ல ஓட்டினா பன்னெண்டு பேர் ஏழு பேரா ஆயிருவாங்க, யாரும் ஓட்டிப் பார்க்கலாம். கூட ஒரு ஒன்பது வரி எழுதினேன். இந்தத் தகவல்ல அழுக்கு இல்ல. இவங்க வீட்டுக்கு நம்பர் இல்ல, அதனால இந்த முகவரி முழுசானதுதான். உங்க லைப்ரரி ஐஞ்சு பேரை அழிக்குது. நாங்க பாவிச்ச இடத்துல ஒரு பெண்ணுக்கு உயிர் போகப் பார்த்திச்சு. அவ்வளவுதான். ஒரு ஆச்சரியக்குறிகூடப் போடல, அது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு பாஹிமாவைக் கேளுங்க.

ரெண்டு நாள் பதில் இல்ல. அதுக்குள்ள எங்கேயோ ஒரு ஊருல இருந்து முன்பின் தெரியாத ஒருத்தர் கீழ எழுதினாரு, நாங்க அகதி முகாம்ல பாவிக்கிறோம், அங்க எல்லாருக்கும் ஒரே முகவரிதான், இன்னைக்கே போய்ப் பார்க்கிறேன்னு. அதை வாசிச்சிட்டு பாஹிமா அழுதிட்டாங்க. பிறகு லைப்ரரியைப் பார்த்துக்கிறவரும் எழுதினாரு. அரிதுன்னு சொன்னது என் தப்பு, நான் பார்க்காததை அரிதுன்னு நினைச்சிட்டேன்னு. அதுக்காக சும்மா விடல மனுஷன். இதைச் சுருக்கு, அதுக்கு விளக்கம் எழுது, இந்த டெஸ்ட்டைப் பிரின்னு நாலு தடவை திருப்பி அனுப்பினாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு செஞ்சேன். எல்லாம் நியாயமான திருத்தம், அதுதான் இன்னும் எரிச்சல். கடைசியில சேர்த்துக்கிட்டாரு.

சேர் என்ன செஞ்சாருன்னு கேக்குறீங்களா? அடுத்த வாடிக்கையாளருக்குத் திரையில போட்டுக் காட்டின ஸ்லைட்ல ஒரு வரி: 'உலகம் பாவிக்கும் லைப்ரரிக்கு எங்கள் நிறுவனத்தின் பங்களிப்பு.' மூச்சு விடாதீங்கன்னு சொன்ன அதே வாய்! நான் அந்தக் கூட்டத்துலயே எழும்பி, "அந்த வரியில பாஹிமா பேரையும் போடுங்க சேர்"னு சொன்னேன். மென்னு முழுங்கினாரு. மத்த தடவை காட்டினப்ப அந்த வரியே இல்ல.

இதோட முடிக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா இந்தப் புதன்கிழமை ஒண்ணு நடந்திச்சு. மேட்டு லயத்து லெட்சுமியோட மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை அனுப்பியிருந்தாங்க. எனக்கு முழங்கால் வலி, போக முடியாதுன்னு ஒரு புடவையைப் பொதி பண்ணி கண்டியில ஒரு கூரியர் கடைக்குக் கொண்டு போனேன். கவுன்டர்ல இருந்த பிள்ளை தட்டித் தட்டிப் பார்த்துட்டு, "ஆன்ட்டி, வீட்டு நம்பர் இல்லாம இது எடுக்குதில்ல"ன்னுச்சு. நம்பர் இல்ல மகள், மேட்டு லயம்னு போடுங்கன்னேன். "இப்படி வர்றது அரிது ஆன்ட்டி. சும்மா ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லுங்களேன், போடுறேன்."

"இந்த சாப்ட்வேரை எழுதினது யாரும்மா?"

"இங்க கண்டியிலதான் ஆன்ட்டி, புதுசா. நம்ம பிள்ளைகள்தான்."

பொதியைத் திருப்பி வாங்கிக்கிட்டேன். முழங்காலாவது மண்ணாவது, நேரே குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் கம்பளை பஸ் ஏறி, கையில கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வருவேன். அதை எழுதினது உங்கள்ல யாருன்னு கையைத் தூக்குங்க. திட்டமாட்டேன். சரி, கொஞ்சம் திட்டுவேன். பிறகு மெஷினைத் திறங்க, பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரும் திருத்துவோம்.